லீவில் போன இரண்டு பேர்

 

மல்லாவியில் ஆசிரியர் ஒருவர் சம்பளமற்ற லீவு எடுத்தால் அவரிடம் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "எந்த நாட்டுக்கு சேர்?" மற்றது, "என்ன வருத்தம்?" இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து எனக்கும் இரண்டும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. நாடும் இல்லை, வருத்தமும் இல்லை, பத்து வருடம் படிப்பித்துக் களைத்துப் போனேன் என்று சொன்னால் நம்புவதற்கு ஆட்கள் கொஞ்சம் கஷ்டப்படுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 ஜூன் மாதம், நாடே பெற்றோல் வரிசையில் நின்ற நேரத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பிறகு லீவு என்றாலே விமான நிலையம்தான் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

ஆனால் களைப்புக்காக லீவில் போவதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவன் என்றபடியால் அதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் எடுக்கும் 'சபாட்டிக்கல்' லீவை அறிந்திருப்பீர்கள். அந்தப் பெயர் யூதர்களின் ஏழாம் நாள் ஓய்விலிருந்து வந்தது. ஆறு வருடம் விதைத்த நிலத்தை ஏழாம் வருடம் விதைக்காமல் விடவேண்டும் என்றும் அவர்களின் வேதத்தில் சட்டம் இருந்தது. நிலமும் களைக்கும் என்பது சேனை வெட்டிய நமது ஆட்களுக்கும் தெரிந்ததுதான். சில போகம் எடுத்தபின் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1880இல் இந்த ஏழாம் வருடக் கணக்கைத் தன் பேராசிரியர்களுக்கும் கொண்டுவந்தது. 'பேர்ன்அவுட்' என்ற சொல் இன்னும் பிந்தியது. 1974இல் ஃபுரொய்டன்பேர்கர் என்ற நியூயோர்க் உளவியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாக அல்ல, வேலையோடு வரும் ஒரு நிலையாகத்தான் வகைப்படுத்தியது. ஆகவே "என்ன வருத்தம்" என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதிலும் பிழையில்லை!

சொல் பிந்தி வந்தாலும், அந்த நிலைக்கு வந்த ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன். முதல் ஆள் நமக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்.

லெனார்ட் வூல்ஃப் 1904 டிசம்பரில், 24 வயதில், சிவில் சேவை உத்தியோகத்தராகக் கொழும்பில் வந்து இறங்கினார். முதல் நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரி. அங்கே தமிழ் படித்தார், நெருப்புக் காய்ச்சலில் படுத்தும் எழும்பினார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அனுப்பப்பட்டார். இன்று மரிச்சுக்கட்டி என்றால் நமக்கு மீள்குடியேற்றமும் வில்பத்துச் சர்ச்சையும்தான் ஞாபகம் வரும். அன்று, முத்துக்குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு மட்டும், வெறும் மணலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு ஒரு பட்டினமே எழும்பும். வளைகுடாவிலிருந்து அரபிகள் வருவார்கள், இரண்டு கரைகளிலிருந்தும் நமது தமிழ், முஸ்லிம் சுழியோடிகள் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் வியாபாரிகள் வருவார்கள். சுழியோடி கொண்டுவரும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று உயிரைக் கொடுத்துச் சுழியோடியவனுக்கு. அழுகும் சிப்பி நாற்றத்துக்கும் ஈக்களுக்கும் நடுவே, தூக்கமில்லாமல், அந்த இளைஞர் ஒழுங்கைக் காத்தார். அங்கே வந்த அரபிகள் தன்னைத் துரையாகப் பார்க்காமல் மனிதனாக நடத்தியது பிடித்திருந்தது என்று முதுமையில் எழுதியிருக்கிறார்.

பிறகு கண்டி. 1908 ஆகஸ்டில் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபர். வயது 27, பொறுப்பிலே ஒரு இலட்சம் மக்கள். அவர்தான் நிர்வாகி, அவர்தான் நீதவான், உப்பளம், பாடசாலை, தெரு எல்லாம் அவரே. வேலை அவருக்கு வெறியாகிவிட்டது. தினமும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிய உத்தியோக நாட்குறிப்புகள் பிறகு புத்தகமாக வந்தன. வாசித்தால் நமக்கே மூச்சு வாங்கும். 1910இல் மாடுகளுக்குக் கொள்ளைநோய் பரவியபோது, மாடுகளைக் கட்டிவைக்கச் சொல்லிக் கட்டளையிட்டு, மீறித் திரிந்தவற்றைச் சுட வைத்தார், தானும் சுட்டார். மாட்டை நம்பி வாழும் சனம் அவரை வெறுத்தது. நோயைத் தடுக்க வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை. திறமையாக வேலை செய்யச் செய்ய, இந்த வேலையைத் தான் செய்யலாமா என்ற சந்தேகமும் கூடவே வளர்ந்தது. களைப்பில் மோசமான வகை இதுதான் என்பது என் எண்ணம். வேலை கூடி வரும் களைப்பு ஒரு கிழமைத் தூக்கத்தில் போய்விடும். மற்றது போகாது.

ஆறரை வருடச் சேவைக்குப் பின் 1911 மே மாதம் ஒரு வருட லீவில் கப்பல் ஏறினார். திரும்பி வருவதா இல்லையா என்ற முடிவு இல்லாமல்தான் போனார். அங்கே வேர்ஜினியா ஸ்டீவனை (பிறகு உலகம் அறிந்த வேர்ஜினியா வூல்ஃப்) விரும்பினார். அவர் பதில் சொல்லத் தாமதித்ததால் லீவை நீட்டிக் கேட்டார். காரணம் சொல்லச் சொன்னார்கள். சொல்ல மறுத்து, 1912இல் வேலையையே விட்டார். நல்ல சம்பளம், உறுதியான பதவி உயர்வு எல்லாம் அதோடு போயின.

காதல் கதையை விடுங்கள். லீவில் அவர் தொடங்கிய காரியத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். 1911 முடிவதற்குள் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார், 1913இல் வெளிவந்தது. லண்டனில் இருந்துகொண்டு அவர் எழுதியது அம்பாந்தோட்டைக் காட்டோரக் கிராமம் ஒன்றைப் பற்றி. சிலிந்து என்ற ஏழை வேட்டைக்காரனுக்குச் சேனை வெட்ட அனுமதிச்சீட்டு கிடைக்காமல் தலைமைக்காரன் தடுக்கிறான். கடன், பொய் வழக்கு, கடைசியில் கொலை. சிலிந்துவின் மருமகன் பாபுன் செய்யாத களவுக்கு நீதிமன்றம் போகிறான். அங்கே இருக்கும் வெள்ளைக்கார நீதவான் கெட்டவர் இல்லை. சாட்சியில் அவருக்கே சந்தேகம். இருந்தும் பாபுன் சிறைக்குப் போய் அங்கேயே சாகிறான். யோசித்துப் பாருங்கள். அந்த அனுமதிச்சீட்டு முறையை நடத்தியவர் வூல்ஃப். அந்த நீதவான் கதிரையில் இருந்தவரும் அவர். லீவு கிடைத்ததும் கதிரையை விட்டு எழும்பி, கூண்டில் நிற்பவன் பக்கம் போய் நின்று பார்த்திருக்கிறார். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைப் 'பெத்தேகம' என்று படமாக்கினார். நீதவானாக நடித்தவர் ஆதர் சி. கிளார்க்.

(ஒரு பக்கக் கதை: இலங்கைக்குச் சுவிற்சர்லாந்து மாதிரிச் சமஷ்டி முறையைப் பரிசீலிக்கவேண்டும் என்று 1938இல் பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு எழுதிக் கொடுத்தவரும் இதே ஆள்தான். அது தனிப் பதிவுக்குரியது.)

இரண்டாவது ஆள் உத்தியோகத்தர் அல்ல, நம்மைப் போல வாத்தியார். முஸ்லிம் வீடுகளில் பெயர் தெரியாதவர்கள் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

1091இல் பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவுக்கு ஆசிரியராக வந்தபோது அவருக்கும் முப்பது சொச்சம் வயதுதான். 300 மாணவர்கள். அரசவையில் மதிப்பு. நான்கு வருடம் போனது. 1095இல், ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் தனக்கு நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். புகழுக்காகத்தான் படிப்பிக்கிறேனோ என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. போவோமா இருப்போமா என்று ஒவ்வொரு நாளும் இழுபறி. ஒருநாள் வகுப்பில் நாக்கு எழும்பவில்லை. மாணவர்களுக்காகவாவது பேசப் பார்த்தார், ஒரு சொல்லும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்திலிருந்து உடம்புக்கு இறங்கியது, அந்தக் கவலை தீராமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிட்டார்கள்.

அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போதுமானதை ஒதுக்கிவைத்து, மிச்சத்தைப் பகிர்ந்து கொடுத்தார். மத்ரஸாவில் அவருடைய இடத்தில் தம்பி அஹ்மத் நின்று படிப்பித்தார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷாமுக்குப் போனார். உண்மையைச் சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரியும். அப்படியும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம், ஆட்சியாளருக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றுகூட. மல்லாவிச் சந்தி பரவாயில்லை.

திமிஷ்கில் உமையாப் பள்ளியின் மினாராவில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருந்தார். பிறகு பைத்துல் முகத்தஸ், ஹலீல், ஹஜ், கடைசியில் சொந்த ஊர் தூஸ். இஹ்யா உலூமுத்தீன் இந்த ஒதுங்கியிருந்த காலத்தின் விளைச்சல். 1106இல் நைசாப்பூர் நிழாமிய்யாவில் மறுபடி படிப்பிக்கப் போனார். பழைய வேலைக்கே திரும்பியது போல வெளியே தெரிந்தாலும், முன்பு அந்தஸ்தைத் தேடித்தரும் அறிவைப் படிப்பித்தேன், இப்போது அந்தஸ்தை விடச்சொல்லும் அறிவைப் படிப்பிக்கிறேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்.

ஒருவர் திரும்பவில்லை, மற்றவர் பதினொரு வருடம் கழித்துத் திரும்பினார். எது சரி என்று நான் சொல்லவில்லை. வூல்ஃபுக்கு லீவு எடுத்தபோது மனைவி பிள்ளை இல்லை, அவர் கணக்கு இலேசு. வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கிற நம்மவர்களுக்கு இமாமின் ஏற்பாடுதான் பாடம்: முதலில் வீட்டுக்கு ஒதுக்கு, பிறகு வகுப்புக்கு ஆள் பார், அதன் பிறகு போ. இரண்டு பேருமே தூங்குவதற்குப் போகவில்லை என்பதையும் கவனித்தேன். தாங்கள் இருந்த கதிரையைத் தூரத்திலிருந்து பார்க்கப் போயிருக்கிறார்கள்.

எனக்கு மினாராவும் இல்லை, லண்டனும் இல்லை. இந்த லீவில் பாலிநகர், யோகபுரம் பக்கம் காலையில் சைக்கிளில் போய் வருகிறேன். பிந்தி வருகிறான் என்று நான் வாசலில் நிறுத்திய பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழும்பி, எந்த பஸ்ஸைத் தவறவிட்டு, எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்று இப்போதுதான் கண்ணால் காண்கிறேன். ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. இமாமுக்கு ஒரு தம்பி இருந்தார். வன்னியில் ஒரு வாத்தியார் லீவு எடுத்தால் அந்தப் பாடவேளை அநேகமாக வெறுமையாகத்தான் கிடக்கும். இது என் ஒருவனின் கதை அல்ல. களைத்துப்போன எத்தனையோ ஆசிரியர்கள் இதற்குப் பயந்தே லீவு கேட்காமல், வகுப்பில் உயிரில்லாமல் நிற்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

நமது ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கக் கிழமையில் இரண்டு பின்னேரம் ஒதுக்கக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். என் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள் எல்லாவற்றையும் தருகிறேன். அதிபரிடம் நானே வந்து கதைக்கிறேன்.