காடையும் கோழியும் ஒரே கூட்டில் வளருமா?

"கோழிக்கூடு சும்மா இருக்குதுதானே, அதுக்குள்ளேயே பத்துக் காடையையும் விட்டால் என்ன?" திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவை அண்டிய கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, 2015, 2016 இல்தான் காணிக்குத் திரும்பினார்கள். விட்டுப்போன ஆடு மாடு கோழி எதுவும் மிஞ்சவில்லை. அப்படித் தொடங்கிய வீட்டில் இரண்டாவது கூட்டுக்குத் தகரமும் வலையும் வாங்குவது சின்னச் செலவல்ல. ஆனாலும் பதில் ஒன்றுதான்: சேர்த்து விடக்கூடாது.

காடையின் மேல் ஆசை வருவது இயல்பு. நாட்டுக்கோழி முட்டையிட ஐந்தாறு மாதம் எடுக்கும். காடைக்கு ஆறேழு கிழமை போதும். குஞ்சு பொரிக்க 17, 18 நாள். ஆனால் வளர்ந்த காடையின் எடை 150 முதல் 200 கிராம். ஒரு சேவல் அதைவிடப் பத்து மடங்கு. தீனிக்கு முந்தும்போது சேவல் கொத்தினால் காடையின் மண்டையில் காயம் விழும். கோழி இரவில் மேலே ஏறி அடையும், காடை தரையிலேயே படுக்கும். ஆக, கோழியின் எச்சம் முழுவதும் காடையின் மேல்தான்.

நோய்தான் பெரிய ஆபத்து. மூக்குச்சளி, முகவீக்கத்தோடு வரும் கொரைசா நோயிலிருந்து தேறிய கோழி, பார்வைக்குச் சுகமாக இருந்தாலும் கிருமியைக் காவிக்கொண்டே இருக்கும். காடைக்கும் அது தொற்றும். வெள்ளைக் கழிச்சல் என்று நாங்கள் சொல்லும் இராணிக்கெட் நோயில் கதை மறுபக்கம்: காடை பெரிதாக அறிகுறி காட்டாமலே வைரஸைப் பரப்பக்கூடும், சாவது கோழி. குடற்புண் நோய் ஒன்று காடைகளைக் கூட்டமாகவே கொல்லும். அது எச்சம் வழியாகப் பரவுவது, கோழிக்கும் வரும். "தடுப்பூசி போட்ட கோழிதானே" என்பார்கள். ஊசி கோழியைக் காக்கும். அதன் உடலில் வைரஸ் தங்கி வெளியேறுவதை முற்றாக நிறுத்தாது.

ஹொங்கொங்கில் 1997 இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள், வெவ்வேறு வைரஸ்கள் கலக்க இடங்கொடுக்கும் பறவையாகக் காடையைக் காட்டின. 2002 இல் அங்குள்ள உயிர்க்கோழிச் சந்தைகளில் இருந்து காடை விலக்கப்பட்டது. நம் வளவும் அந்தச் சந்தையும் ஒன்றல்ல, ஆனால் பிரித்து வைக்கும் காரணம் ஒன்றே.

தீனியும் ஒத்துவராது. காடைக்குஞ்சுக்கு 24 வீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனியில் சுமார் 20 வீதம்தான்.

ஒரே வளவில் இரண்டையும் வளர்க்கலாம், தூரம் வைத்து. காடைக்கூடு ஓரடி உயரம் இருந்தால் போதும். பயந்தால் காடை நேரே மேலே பாயும், உயரமான கூட்டில் வேகமெடுத்துத் தலையை உடைத்துக்கொள்ளும். பழைய பலகையில் அடித்து இடுப்பளவில் நிறுத்தினால் கீரியும் எலியும் கிட்ட வருவது குறையும். கச்சான் காற்று கோழிக்கூட்டில் இருந்து காடைப்பக்கம் வீசாதபடி இடம் பாருங்கள். இடையில் வலை போதாது. தகரமோ கிடுகோ வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் வேறு, செருப்பும் வேறு. குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் மூழ்கிச் சாகும். காலையில் முதலில் காடை, பிறகு கோழி. சந்தையில் வாங்கிய பறவையை மூன்று நான்கு கிழமை தனியே வைத்துப் பாருங்கள்.

வாழ்வாதார உதவியென்று குஞ்சுகளைப் பெட்டியில் கொடுத்துப் படம் எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூட்டுக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அல்லது ஒரு இனத்தை மட்டும் கொடுங்கள்.

மாரி மழையில் இரண்டு மூன்று பறவை ஒன்றாகச் செத்தால் கறிக்கு எடுக்கவோ வேலிக்கு வெளியே எறியவோ வேண்டாம். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் பார்த்த பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.