காற்பந்துத் தீவின் தமிழ்ப் பெயர்கள்

சமது அல்லாப்பிச்சை. 1970களில் சிங்கப்பூரின் தேசியக் காற்பந்து அணிக்குத் தலைமையேற்றவரின் பெயர் இது. முற்பாதியை மட்டும் கேட்டால் மலாய்ப் பெயர் என்று கடந்துவிடுவோம். பிற்பாதி நம் மண்ணுடையது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிச்சைகளுக்கும் குப்பன்களுக்கும் குப்பம்மாள்களுக்கும் ஒருகாலத்தில் பஞ்சமே இருந்ததில்லை. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்து வரும் குழந்தைக்கு வைக்கப்படும் பெயர்கள் அவை. பிச்சையாய்க் கேட்டுப் பெற்றது, குப்பையில் புரட்டி எடுத்தது, ஆகவே எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்று ஒரு கணக்கு. தமிழ் முஸ்லிம்கள் அதே வேண்டுதலை அல்லாவின் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். அப்படியொரு பெயர் கடல் கடந்து போய், ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் விளையாட்டரங்கில் ஒரு நாட்டின் அணித்தலைவனின் பெயராக ஒலித்திருக்கிறது.

காற்பந்து என்று எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இங்கே கால்பந்து என்கிறோம். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் புணர்ச்சி விதியை விடாமல் காற்பந்து என்றே எழுதிவருகின்றன. அவர்களுடைய கதையைச் சொல்லும்போது அவர்களுடைய எழுத்தையே கைக்கொள்வது முறை என்று தோன்றுகிறது.

கதையின் தொடக்கத்தில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டு ஆங்கிலேயக் கடற்படைக்கு அளிக்கப்பட்ட 'மலாயா' என்னும் கப்பல் 1921-ல் அப்பகுதித் துறைமுகங்களுக்கு வந்தது. உபசரிப்பில் மகிழ்ந்த மாலுமிகள் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவே மலாயாக் கோப்பை. அவ்வாண்டே நடந்த முதல் போட்டியில் வென்றது சிங்கப்பூர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிருந்து வேறு கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. மலாயா செல்லும் கூலிகளைச் சேர்த்து அனுப்பும் முகாம்களில் ஒன்று நாகப்பட்டினத்திலும் மற்றொன்று ஆவடியிலும் இருந்தன. ஆவடி அன்று நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ரப்பர்த் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ரயில்பாதைக்கும் நகராட்சி வேலைக்கும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பந்தைக் கண்டார்கள். இங்கே நாம் ஏரி வற்றியதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே வரிசை வீடுகளுக்கு முன்னிருந்த திடல்களில் காற்பந்துதான். சிங்கப்பூரில் இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். ஒன்று, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு அருகிலிருந்த ஃபேரர் பார்க் திடல். மற்றொன்று, தமிழரும் மலையாளிகளும் திரளாக வேலை பார்த்த செம்பவாங் கடற்படைத் தளம்.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. மக்கள்தொகை இருபது இலட்சத்துக்கும் குறைவு. நாடு பிரிந்தது, காற்பந்து பிரியவில்லை. ஒரு சுதந்திர நாட்டின் அணி, அண்டை நாட்டின் மாநில அணிகளோடு, அந்நாட்டின் கோப்பைக்காக, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1994 வரை ஆடிக்கொண்டிருந்தது. உலகில் இப்படியொரு ஏற்பாடு அரிது. இருபது இலட்சத்தைச் சற்றே கடந்த மக்களைக் கொண்டிருந்த உருகுவே 1950-ல் பிரேசிலை அதன் சொந்த அரங்கிலேயே வீழ்த்தி உலகக் கோப்பையை எடுத்துச் சென்றது. சிறிய நாடுகளின் கனவுகளுக்கெல்லாம் அதுவே உவமை. சிங்கப்பூரின் கனவு அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்குப் பிரேசிலும் சிலாங்கூர்தான், உலகக் கோப்பையும் மலேசியக் கோப்பைதான். பாலத்தைக் கடந்து போய், பிரிந்துவந்த வீட்டின் முற்றத்திலேயே வென்று காட்டவேண்டும். இந்த வெறியைப் பங்காளிச் சண்டை தெரிந்த நமக்கு விளக்கவேண்டியதில்லை.

1965-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கோப்பை வரவில்லை. 1975-லும் 1976-லும் இறுதி ஆட்டம் வரை வந்து சிலாங்கூரிடம் தோற்றார்கள். அந்தச் சிலாங்கூரின் கோலைக் காத்து நின்றவரும் தமிழர், ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியின் தூண். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது. ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் இறந்தார். எல்லைக்கு இந்தப்புறம் ஓடிவந்து பந்தை அடிப்பவனும் தமிழன், அந்தப்புறம் பாய்ந்து தடுப்பவனும் தமிழன் என்ற காட்சி எழுபதுகளில் மிகச் சாதாரணமாக நடந்திருக்கிறது. நம் பயண இலக்கியக்காரர்கள் எவரும் அந்த அரங்கில் போய் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

1977-ல் சூ செங் குவீ என்னும் முதிய பயிற்சியாளர் திரும்ப அழைக்கப்பட்டார். 'சூ மாமா' என்று எல்லோரும் சொல்லும் அந்த மனிதர் கண்டிப்புக்குப் பெயர்போனவர். கால் அழுகிக்கொண்டிருந்த நிலையிலும் அவர் பயிற்சியை விடவில்லை. பின்னர் அந்தக் காலை எடுக்கவேண்டியதாயிற்று. அவருடைய அணியில் அல்லாப்பிச்சை பின்களத்தைக் கட்டிக் காத்தார். எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து அடிக்கும் பந்து வாழைப்பழம்போல் வளைந்து, யார் மீதும் படாமல் நேரே கோலுக்குள் விழும் என்பார்கள். அரங்கம் அவரை 'ஒட்டகம்' என்று அழைத்தது. அதே தலைமுறையில் ஆர். சூரியமூர்த்திக்கு 'கெலெக் அரசன்' என்று பட்டம். கெலெக் என்றால் மலாயில் பந்தைக் காலோடு ஒட்டவைத்து எதிராளியை ஏய்த்துப் போவது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து அமர்ந்த அரங்கு கொடுத்த பட்டங்கள் இவை. சாதிப் பெயரும் ஊர்ப் பெயரும் அங்கே எடுபடாது. காலில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற பெயர்.

இறுதி ஆட்டம் கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில், பினாங்குக்கு எதிராக. கூடுதல் நேரம் வரை போய் 3-2 என்று சிங்கப்பூர் வென்றது. வெற்றிகோலை அடித்தவர் குவா கிம் சோங், செம்பவாங்காரர். அன்று வென்றவர்கள் இன்றைய பொருளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. கோப்பை வந்த மறுவாரமும் வேலைக்குப் போகவேண்டியவர்கள்தாம்.

அடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்கள் மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கின்றன. ஃபாண்டி அகமது நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்குப் போய் 1983-ல் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். மற்றவர் வி. சுந்தரமூர்த்தி. என் மனச்சாய்வு இவர் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. ஃபாண்டி நாட்டின் செல்லப்பிள்ளை. சுந்தரமூர்த்தி கலைஞன், கலைஞனுக்குரிய இடைஞ்சல்கள் எல்லாம் அவருக்கும் இருந்தன. மலேசியாவின் கெடாவுக்கு ஆடினார், 1989-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகத்துக்குப் போனார், திரும்பி வந்தார். 1993-ல் புரூணைக்கு எதிராக, முதுகு தரையை நோக்க, அந்தரத்தில் கிடந்தவாறே தலைக்கு மேலாக உதைத்து அடித்த கோலை அந்த வயதுக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மறு ஆண்டு லீக், கோப்பை இரண்டையும் ஒருசேர வென்ற அந்தப் புகழ்பெற்ற அணியில் அவர் இல்லை. பயிற்சியாளர் மாறியிருந்தார், ஆட்டமுறையும் மாறியிருந்தது. ஷா ஆலம் அரங்கில் பல்லாயிரம் சிங்கப்பூரர் கூடி நிற்க, பகாங்கை 4-0 என்று வீழ்த்திய 1994-ஆம் ஆண்டு இறுதி ஆட்டமே அந்த நாட்டின் காற்பந்து நினைவில் உச்சம். அந்த உச்சத்தில் அதன் மிக அழகிய ஆட்டக்காரருக்கு இடமில்லை.

உச்சத்துக்கு மறு ஆண்டே எல்லாம் கலைந்தது. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் மலேசியச் சங்கத்தோடு தகராறு முற்றி, சிங்கப்பூர் 1995-ல் வெளியேறியது. எங்கள் ஊர்ச் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளுடையது, குடவோலை விதிகளைச் சொல்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்பது அதில் ஒன்று. காற்பந்துச் சங்கங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

கணக்கைவிடப் பெரிய நோய் வேறொன்று இருந்தது. கேலோங் என்பது கடலில் கழிகளை நட்டு வலைகட்டி மீன்பிடிக்கும் அமைப்பு. உள்ளே போன மீன் வெளியே வராது. ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே விலைபேசுவதற்கு அங்கே வழங்கும் சொல்லும் அதுவே. தொண்ணூறுகளின் நடுவில் ஆட்டக்காரர்களும் நடுவர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். இதில் நமக்கு ஒரு கசப்பு உண்டு. 2011-ல் பின்லாந்து நீதிமன்றம் ஆட்ட மோசடிக்காகத் தண்டித்த வில்சன் ராஜ் பெருமாள் சிங்கப்பூர்த் தமிழர். ஐரோப்பியப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, அவர் பெயரில் புத்தகமே வந்தது. ராஜகோபாலின் வளைபந்தை அறியாத உலகம் பெருமாளின் தொலைபேசி அழைப்புகளை அறிந்துகொண்டது.

1998-க்கு வருவோம். தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கோப்பை வியட்நாமில் நடந்தது. தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் நடந்த ஆட்டத்தில் இருதரப்பும் வெல்ல விரும்பவில்லை. வென்றால் ஹனோயில் வியட்நாமைச் சந்திக்கவேண்டும், தோற்றால் சிங்கப்பூரைச் சந்திக்கலாம், சிங்கப்பூர் எளிய இரை என்று எண்ணம். கடைசியில் இந்தோனேசிய வீரர் ஒருவர் தம் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துத் தோல்வியைச் 'சாதித்தார்'. அந்த எளிய இரை அரையிறுதியில் இந்தோனேசியாவை 2-1 என்று வென்றது. செப்டம்பர் 5 அன்று ஹனோயில் இறுதி ஆட்டம். இரண்டாம் பாதியில் உயரே வந்த ஒரு பந்து பின்கள வீரர் ஆர். சசிகுமாரின் தோளும் முதுகும் சேரும் இடத்தில் பட்டு வலைக்குள் போனது. அவ்வளவுதான். 1-0. சிங்கப்பூர் வென்ற முதல் பன்னாட்டுக் கோப்பை அது. மரடோனாவின் கையை மறக்காதவர்கள் இதைக் 'கடவுளின் தோள்' என்று கேலியாகச் சொன்னார்கள். ராஜகோபாலும் சூரியமூர்த்தியும் சுந்தரமூர்த்தியும் ஆயுள் முழுக்கத் தேய்த்துத் தீட்டிய கால்கள் பெற்றுத்தராததை, பார்க்காமல் நின்ற ஒரு முதுகு பெற்றுத் தந்தது. சசிகுமார் பின்னர் ஓய்வுபெற்று விளையாட்டு வணிக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

அதே 1998-ல்தான் பிரதமர் கோ சோக் டோங்கின் அரசு, 2010 உலகக் கோப்பையில் சிங்கப்பூர் ஆடவேண்டும் என்று இலக்கு வைத்தது. குடியேறிகளின் பிள்ளைகளைக் கொண்டு பிரான்ஸ் அவ்வாண்டு உலகக் கோப்பையை வென்றிருந்தது. அந்த உதாரணம் கவர்ந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுத்து அணியில் சேர்த்தார்கள். 2004-லும் 2007-லும் வட்டாரக் கோப்பை மீண்டும் வந்தது, 2012-லும் வந்தது. உலகக் கோப்பை வரவில்லை. குடியேறிகளின் பிள்ளைகள் என்றால் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதே என் எண்ணம். அவர்கள் ஆடிய திடல்கள்தாம் இல்லாமல் போயின. கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் 1971-ல் விட்டுப் போனார்கள். கம்பங்கள் அடுக்குமாடி வீடுகளாயின. வீடு கிடைத்தவர்களில் எவரும் திரும்பிப் போக விரும்பியிருக்கமாட்டார்கள். ஓலைக்கூரை ஒழுகும் அழகைத் தூரத்திலிருந்து பாடுவது எளிது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கு வெறுங்காலோடு இறங்க ஒரு மண் தரை இருந்தது போயிற்று. மாலை நான்கு மணி தனிப்பயிற்சி வகுப்புக்குப் போயிற்று. பதினெட்டு வயதில் கட்டாயத் தேசிய சேவை. காற்பந்தாட்டக்காரனின் உடல் முதிரும் இரண்டு ஆண்டுகள் அதில் கழியும். 2018-ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கழகம் ஒப்பந்தம் செய்த பென் டேவிஸ் என்னும் இளைஞருக்குக்கூட அரசு தவணை தர மறுத்தது. சிறிய நாட்டின் பாதுகாப்புக் கவலையை நாம் இங்கிருந்து எள்ளுவதற்கில்லை.

சுந்தரமூர்த்தியின் பிற்காலம் தனிக் கதை. 2013-ல் அவருடைய பயிற்சியில் சிங்கப்பூரின் 'லயன்ஸ் 12' அணி மலேசிய லீக்கை வென்றது. 2016-ல் தேசியப் பயிற்சியாளரானார். அவ்வாண்டின் வட்டாரக் கோப்பையில் அவர் அணி தற்காத்துத் தற்காத்து ஆடி, மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்து வெளியேறியது. அந்தரத்தில் கிடந்து கோல் அடித்த மனிதரின் அணியா இது என்று ரசிகர்கள் கேட்டார்கள். கையில் இருக்கும் ஆட்டக்காரர்களை வைத்துத்தானே பயிற்சியாளன் ஆடமுடியும். 2018-ல் விலகினார்.

1935-லிருந்து வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய தொகுதிகளில் இந்த ஆட்டக்காரர்கள் நாள்வாரியாக இருப்பார்கள். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பற்றி நம் சிற்றிதழ்கள் எழுதிய கட்டுரைகளில் கோ. சாரங்கபாணி உண்டு, தோட்டப்புறம் உண்டு, சயாம் மரண ரயில் உண்டு. காலாங் அரங்கில் சீனக் கிழவர் ஒருவர் தமிழ்ப் பெயரைக் கூவிக்கொண்டு எழுந்து நின்ற மாலை இல்லை. உழைப்பாலும் துயராலும் மட்டுமே புலம்பெயர்ந்தோரை அறிய நாம் பழகிவிட்டோம். அவர்கள் ஆடவும் செய்தார்கள் என்பது நம் குறிப்பேட்டில் ஏறவில்லை. அந்தப் பழைய காலாங் அரங்கும் இடிக்கப்பட்டு, 2014-ல் அதே இடத்தில் கூரையோடு கூடிய புதிய அரங்கு திறக்கப்பட்டது.

2025 நவம்பரில் சிங்கப்பூர் ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1984-ல் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் ஆடியதோடு சரி, களத்தில் வென்று தகுதி பெற்றது இதுவே முதல் முறை. அன்று கோல் அடித்தவர்களில் ஒருவர் இல்ஹான், ஃபாண்டியின் மகன். தமிழ்ப் பெயர்கள் இப்போது அரிது. நடுக்கள வீரர் அனுமந்தன் குமார் 2021-ல் எல்லை கடந்து ஒரு மலேசிய அணிக்கு ஆடப் போனார். சுந்தரமூர்த்தி ஆடிய அதே கெடாவுக்கு.