கோத்தர் மொழியும் சுல்லியின் கதைகளும்

எழுத்தில்லாத மலைமொழிகளைக் கொச்சைத் தமிழென்று தள்ளிவிடும் வழக்கம் தமிழ் கற்றோரிடையே நெடுநாளாக உண்டு. நீலகிரிக் கோத்தரின் மொழியும் இதற்குத் தப்பவில்லை. கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், தோடம், கோத்தம் முதலிய ஆறினைத் திருந்தாத மொழிகள் என வகுத்தார். இலக்கியம் தோன்றாமையைக் குறித்த அச்சொல்லைப் பின்வந்தோர் இழிவென்றே பொருள் கொண்டுவிட்டனர்.

இம்மொழியை ஊன்றி ஆராய்ந்தவர் மரி எமனோ. 1904இல் கனடாவிற் பிறந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழி கற்ற இவர், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கினார். புக்கிட் பாஞ்சாங் என்ற ஊர்ப்பெயருக்கு 'நீண்ட குன்று' எனப் பொருள் காண, மலாய் அகராதியைப் புரட்டினாற் போதும். கோத்தத்திற்கோ சொந்த எழுத்தே இல்லை. ஒவ்வோர் ஒலியையும் காதாற் கேட்டு, அதற்கொரு குறி அமைத்த பின்னரே சொல்லையும் பொருளையும் நாட முடிந்தது.

இப்பணியில் அவருக்கு வாய்த்த துணைவர் சுல்லி. கோத்தர் குலத்தில் பிறந்து ஆங்கிலமும் கற்ற பள்ளி ஆசிரியர்! சுல்லி சொல்லச் சொல்ல எமனோ எழுதிக்கொண்ட கதைகள், மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1944 முதல் 1946 வரை அச்சேறின. ஒருவர் வாய்மொழி ஒரு குலத்தின் மொழியாகுமா என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். எனினும் ஒலியும் சொல்லுருவும் ஒருவர் தாமே புனைந்துகொள்வன அல்ல. சுல்லியைப் பற்றி மானிடவியலார் டேவிட் மண்டல்பாம் 1960இல் தனிக்கட்டுரையே எழுதினார்.

இனி, கொச்சை என்ற பழி நிற்குமா என்று பார்ப்போம். தமிழில் 'செவி' என்பது கன்னடத்தில் 'கிவி'; கோத்தத்தில் 'கெவ்'. தமிழ்ச் 'செய்' பழங்கன்னடத்தில் 'கெய்'. கோத்தத்திலும் ககரமே முதலெழுத்து. இ, எ முதலிய உயிர்களுக்கு முன் நின்ற பழங்ககரமே தமிழில் சகரமாயிற்று என்பது மொழிநூலார் முடிபு. தாமஸ் பரோ இதனை 1943இல் விரிவாக ஆராய்ந்தார். ஆகவே இச்சொற்களில் திரிந்தது தமிழ். பழமையைக் காத்தது கோத்தம். 'கெவ்' தன் ஈற்றுயிரை இழந்ததும் உண்மைதான். ஒரு மொழி ஓரிடத்தில் காக்கும், மற்றோரிடத்தில் இழக்கும், தமிழும் அப்படியே.

பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இலும், அதன் இரண்டாம் பதிப்பு 1984இலும் வெளிவந்தன. அதில் 'செவி'யைத் தேடுவோர், தமிழ், மலையாளச் சொற்களின் வரிசையிலேயே கோத்தரின் 'கெவ்' நிற்கக் காண்பர்.