குடிலில் விழுந்த பனி

சென்ற டிசம்பரில் நம் வாயில் கூடத்தில் வைத்த கிறிஸ்துமஸ் குடிலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தீர்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து அதைப் பிரித்தபோது, கூட இருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். கூரைமேல் பனிக்காக விரித்திருந்த பஞ்சைத் தூக்கினால், அடியில் எட்டணா அளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. சீரியல் விளக்கின் ஒயரில் டேப் சுற்றி ஒட்டுப் போட்ட இடம் அது. பஞ்சுக்குக் கீழே காய்ந்த கீற்று, அதற்கும் கீழே வைக்கோல். இரண்டு வாரம் இரவும் பகலும் எரிந்த விளக்கு.

அந்தப் பஞ்சு நம் குடிலுக்கு எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். போலகத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் ஸ்கூட்டர் சீட்டை நனைத்து வைப்பது. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்துக்கே நாம் பெயர் வைத்திருந்தாலும், வானத்திலிருந்து வெள்ளையாக விழுந்து தரையில் குவியும் பொருளுக்கு இந்தக் கரையில் தனிச்சொல் தேவைப்பட்டதில்லை. புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதை ‘உறைந்த மழை’ என்கிறது. 147ஆம் சங்கீதத்தில் அந்த வெள்ளையை ஆட்டு ரோமத்துக்கு ஒப்பிடும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ரோமம் இல்லை, பஞ்சு. கம்பளி அறியாத ஊருக்குப் பஞ்சுதானே புரியும்! நம் வீடுகளில் பனியைப் பஞ்சால் செய்வதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்கு எட்டியதை எடுத்துப் பனியாக்கும் புத்தி ஒன்றேதான். கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா கட்டி, கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்து வயலாக்கி, கைலாய மலைக்குப் பஞ்சு ஒட்டிய வீடுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

குடிலில் முதலில் பனி கிடையாது. பொம்மைகளே கிடையாது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் ஏற்பாடு செய்த காட்சியில் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. பொம்மைக் குடில்கள் பிறகு பெருகின. பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது, மார்சேய் நகரில் லன்யெல் என்பவர் அச்சில் வார்த்த சிறிய களிமண் பொம்மைகள் குடிலை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 1803இல் அங்கே அந்தப் பொம்மைகளுக்கென்றே சந்தை தொடங்கியது. மீன்காரி, மாவரைப்பவன் என்று அந்த ஊர் ஆட்களும் குழந்தை ஏசுவைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் அதே கைகள் குடில் பொம்மையும் செய்வது போலத்தான் இதுவும்.

பெத்லகேம் கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் எப்போதாவது அங்கே பனி விழுவதுண்டு. ஆனால் நம் குடிலின் பனி அங்கிருந்து வந்ததல்ல. வட ஐரோப்பியக் குளிர்காலம், வாழ்த்து அட்டைகளிலும் கதைகளிலும் ஏறி உலகம் சுற்றியது. டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ 1843 டிசம்பரில் வெளிவந்தது. அவர் சிறுவனாக இருந்த 1810கள் இங்கிலாந்தில் வழக்கத்தைவிடக் குளிர் மிகுந்த ஆண்டுகள். காரைக்காலோ 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலங்கள் போக, பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். இங்கே பல குடும்பங்களுக்கு இன்றும் பிரான்சில் உறவுகள் உண்டு. நம் கீற்றுக் கூரைமேல் பனி கிடப்பதில் யாருக்கும் வியப்பு வராததில் வியப்பில்லை.

செயற்கைப் பனி செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர் வியன்னாவின் எர்வின் பெர்சி. அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்தவர். 1900 வாக்கில், மின்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை விளக்கின் முன் வைத்து ஒளியைக் குவிப்பது அங்கே வழக்கம். அதே உருண்டைக்குள் ஒளியைச் சிதறடிக்க எதையெதையோ போட்டுப் பார்த்தவர், ஒருநாள் ரவையைப் போட்டார். ஆம், நாம் உப்புமா கிண்டும் அதே ரவை. ஊறிய ரவை மெல்ல மெல்ல இறங்கியது. விளக்கு பிரகாசிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பனி கிடைத்துவிட்டது. உள்ளே சின்னதாக மரியாசெல் ஆலயத்தை வைத்து மூடினார். குலுக்கினால் பனி விழும் கண்ணாடி உருண்டை அப்படிப் பிறந்தது. அந்தக் குடும்பத்தின் பட்டறை வியன்னாவில் இன்றும் நடக்கிறது. பனிக்கான இப்போதைய கலவையை மட்டும் வெளியே சொல்வதில்லை.

அடுத்த கதை நம் கருகிய பஞ்சுக்கு நெருக்கமானது. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பஞ்சு விரித்து, மேலே மெழுகுவத்தி ஏற்றினார்கள். என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பஞ்சு ஆபத்து என்று தெரிந்ததும் தீப்பிடிக்காத வெள்ளைப் பொருளைத் தேடி, கல்நாரைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடனே புரியும். 1930களில் அதன் இழைகளை அட்டைப்பெட்டியில் போட்டுப் பனி என்றே விற்றார்கள். மக்கள் மரத்தின் மேலும் குடிலின் மேலும் கையால் தூவினார்கள். தீ பிடிக்கவில்லை. நுரையீரலுக்குள் போனது. இரண்டாம் உலகப் போரில் கல்நார் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால்தான் அந்த விற்பனை நின்றது, உடல்நலத்தை நினைத்து அல்ல.

சினிமாக்காரர்கள் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டிப் பார்த்தார்கள். நடந்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும், வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 1946இல் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்காக, தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனியைக் கோடை வெயிலில் பொழிய வைத்தார்கள். அந்த முறைக்கு ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. (நம் கூடத்துச் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையைப் பார்த்து யாருக்கும் இந்த யோசனை வர வேண்டாம்.)

நம் ஊரில் இவற்றுக்கெல்லாம் தனித்தனித் தொல்லை. உப்பு, டிசம்பர் ஈரத்தில் வியர்த்து வழியும். அரிசி மாவுக்கு மறுநாளே எறும்பு. தெர்மாகோல் உருண்டை மழையோடு வடிகாலில் இறங்கினால், இந்தக் கரையில் கடைசியில் கடலுக்குத்தான் போகும். தவிர, அலங்காரத்துக்குத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. மாதிரி ரயில், மாதிரி வீடு செய்பவர்கள் சமையல் சோடாவைப் பசையில் குழைப்பார்கள். முதலில் அழகாக இருக்கும், நாளாக மஞ்சளாகிவிடும். அவர்களே பயன்படுத்தும் இன்னொன்று சலவைக்கல் தூள். அதைப் படித்ததும் எனக்கு நம் தெருவில் விற்கும் கல் கோலமாவு நினைவுக்கு வந்தது. எரியாது, எறும்பு வராது, ஈரத்தில் கரையாது.

செய்து பார்த்துவிட்டேன். மூன்று பங்கு கல் கோலமாவு, ஒரு பங்கு ஃபெவிக்கால், ஒரு பங்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட். இட்லி மாவுப் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கல்தூளும் மூச்சுக்கு ஆகாது என்பதால், மாவைக் கொட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குழைத்த பிறகு தூசி பறக்காது. எல்லா இடத்திலும் பூசிவிடாதீர்கள். பனி மேலிருந்து விழுவது. கூரையில், மதில் தலையில், கிளையின் மேற்பக்கத்தில் மட்டும் தங்கும். காற்று ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கச் சுவரோரத்தில் குவியும். ஓரங்களை மெலிதாக இழுத்து விடுங்கள். நிழல் விழும் பள்ளங்களில் துணிக்குப் போடும் நீலம் ஒரு துளி கலந்தால், சுண்ணாம்பு அடித்தது போல் இல்லாமல் குளிர்ச்சியாகத் தெரியும். ஆட்டிடையர் நடந்துவந்த வழியில் தீக்குச்சி முனையால் காலடி அழுத்திவிட்டேன். என் பேத்தி முதலில் கவனித்தது அதைத்தான்.

இந்த ஆண்டுக் குடிலுக்கு, பஞ்சை விட்டுவிட்டு இதைப் பூசலாம் என்று சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். சீரியல் விளக்கும் ஒட்டில்லாத புது ஒயராக இருக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு அணைக்க வேண்டும். ‘பஞ்சு இருந்தால்தான் குடில் மாதிரி இருக்கும்’ என்று சிலர் சொல்வீர்கள், தெரியும். மாதிரிக்கு ஒரு சின்னப் பலகையில் பூசி, சங்க அறை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அந்தக் கருகிய பஞ்சும் இருக்கிறது. வந்து இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.