50 வயதில் மாணவர், 67 வயதில் கிராமி: யூசுப் லதீப்



ஜாஸ் கலைஞர்களின் வரலாற்றைப் படிக்கப் போனால், அவர்கள் இறந்த வயதுதான் முதலில் கண்ணில் படுகிறது. சார்லி பார்க்கர் 1955இல் இறந்தபோது வயது 34. ஜோன் கோல்ட்ரேன் 1967இல், 40. விடிய விடிய கிளப்பில் வாசிப்பு, அங்கேயே மது, பலருக்கு ஹெரோயின் வேறு. நரை விழும்வரை உயிரோடு இருப்பதே பெரிய காரியம்.

அதே உலகத்தில் இருந்து 93 வயதுவரை வாழ்ந்தவர் யூசுப் லதீப். 1920இல் அமெரிக்காவின் சட்டனூகாவில் பிறந்து, டெட்ரொய்ட்டில் வளர்ந்த கறுப்பினத்தவர். சாக்ஸபோன் கலைஞர். 1949இல் டிஸி கில்லெஸ்பியின் குழுவில் வாசித்தார். அந்தக் காலத்தில்தான் அஹ்மதிய்யா இயக்கத்தின் ஊடாக இஸ்லாமியப் பெயரைச் சூடிக்கொண்டார். அந்த இயக்கம் பற்றிய சர்ச்சையும், இசை கூடுமா கூடாதா என்ற விவாதமும் வேறு. கொமெண்டில் அவற்றைத் திறக்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு மனிதர் எப்படி வயதானார் என்பதே நமது பேச்சு.

1961இல் பதிவான 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' இசைத்தட்டில் ஓபோ என்ற குழலில் அவர் ஒரு புளூஸ் வாசித்திருக்கிறார். நாதஸ்வரம் போல இரட்டை நாக்குள்ள கருவி அது. கேட்டுப் பாருங்கள்.

பேரும் புகழும் வந்த பிறகுதான் மனிதர் வகுப்பறைக்குத் திரும்பினார். 1969இல் இளமாணி, 1970இல் முதுமாணி. அப்போது வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. 1975இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் கலாநிதிப் பட்டம். ஆய்வுப்பொருள், மேற்கத்தேயக் கல்வியும் இஸ்லாமியக் கல்வியும்! ஆசிரியர்களான எங்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நம்மில் பலர் ஐம்பதிலேயே பென்சனுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஊரும், ஓய்வு பெற்றவரைப் பரிசளிப்பு விழா மேடையில் ஒரு கதிரையோடு முடித்துவிடுகிறது.

அறுபதை ஒட்டிய வயதில், மது பரிமாறும் இடங்களில் இனி வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கேட்கச் சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் ஜாஸ்காரருக்குச் சோறு போட்டதே அந்தக் கிளப்புகள்தான்.

1980களில் நைஜீரியாவின் சாரியா நகருக்குப் போய், அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இருந்தார். ஃபுலானி மக்களின் புல்லாங்குழலை ஆராய்ந்தார். திரும்பி வந்து 1987இல் 'லிட்டில் சிம்பனி'யை வெளியிட்டார். அதில் எல்லாக் கருவிகளையும் வாசித்தவர் அவரே. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி கிடைத்தது, அதுவும் ஜாஸ் பிரிவில் அல்ல, 'நியூ ஏஜ்' பிரிவில்! 'ஜாஸ்' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. உடல், மனம், ஆன்மா மூன்றிலிருந்தும் வருவது தன் இசை என்று சொல்லி, அதற்குத் தானே ஒரு நீளமான பெயரும் வைத்திருந்தார்.

2010இல் அமெரிக்க அரசின் கலை நிறுவனம் அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' விருது கொடுத்தது. அப்போது வயது 89. மறுக்காமல் வாங்கிக்கொண்டார். 2013 டிசம்பர் 23இல் மசாசூசெட்ஸிலுள்ள தன் வீட்டில் காலமானார்.