ஒரு கிண்ணமும் ஒரு பந்தியும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் அசனப் பண்டிகை வந்துவிட்டால் ஆலய வளாகமே அடுக்களையாகிவிடும். வீடுகளிலிருந்து காணிக்கையாக வந்த அரிசி ஒருபுறம், நேர்ந்துவிட்ட ஆடுகள் ஒருபுறம். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். கறிக்குழம்பு வாசம் தெருமுனை வரை வரும். போதகர் ஜெபித்து முடித்ததும் பந்தி தொடங்கும். சாப்பிட்டவர்கள் தூக்குச்சட்டியிலும் வாளியிலும் வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள்.

இப்படிச் சேர்ந்து உண்பது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எளிதில் வாய்த்துவிடவில்லை. தமிழ் வேதாகமம் ‘சகோதர சிநேகம்’ என்று சொல்வதை அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று பிரசங்கங்களில் தேடினால் அதிகம் அகப்படாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் குடித்த பிறகு யார் குடித்தார்கள் என்ற விவரங்களில்தான் அந்த வரலாறு கிடக்கிறது.

சிக்கல் இங்கே பிறந்ததல்ல. கி.பி. 55ஐ ஒட்டி கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கடிந்துகொள்வது ஒரு பந்தி விவகாரத்தைத்தான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து மயங்கிக் கிடக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அன்பைப் பற்றிய புகழ்பெற்ற 13ஆம் அதிகாரம் இதே நிருபத்தில், இந்தக் கண்டனத்துக்கு இரண்டே அதிகாரம் தள்ளி வருகிறது. திருமண வீடுகளில் அதை வாசிக்கிறவர்கள் முன்கதையை நினைப்பதில்லை.

தமிழகத்துக்கு வருவோம். புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1718இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் அமைந்தது. வடிவம் சிலுவை என்றாலும் உள்ளே உட்காரும் முறை ஊர் வழக்கப்படியே இருந்தது: ‘சூத்திரர்’ என்று குறிக்கப்பட்டவர்கள் ஒருபக்கம், பறையர் வேறுபக்கம், நடுவே இடைவெளி. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலும் உயர்சாதியார் பருகிய பின்பே மற்றவர்களுக்குக் கிண்ணம் வந்தது.

கிண்ணத்தை யார் கொடுப்பது என்பது இன்னும் கூர்மையான கேள்வி. வேளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கனோ தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்துக் கத்தோலிக்கத்திலிருந்து வந்தவர். பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக அலைந்தவர். அடுத்த குருவுக்கான பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. பறையரான அவர் கையிலிருந்து மற்றவர்கள் திருவிருந்து வாங்குவார்களா என்று மிஷனரிகளே தயங்கினார்கள். 1741இல் பட்டம் தியாகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

தஞ்சையில் 1820களில் விவகாரம் வெடித்தது. புதிதாக வந்த இளம் மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்றார்கள். திருமணத்தில் பூமாலை கூடாது என்றார்கள். கீர்த்தனைகளிலும் கை வைத்தார்கள். எதிர்த்து எழுதியவர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். இறையன்பை உருகி உருகிப் பாடியவர் கலந்து உட்காருவதை எதிர்த்தார் என்பது இன்றைய வாசகருக்கு உறுத்தும். ஆனால் அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பூவையும் பாட்டையும் சாதியோடு ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறியச் சொன்னவர்கள், தமிழர்களைத் தங்கள் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தவர்களும் அல்லர்.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் அனுப்பிய சுற்றுக்கடிதம் சமரசத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆலயத்தில் தனி இடம், திருவிருந்துக்கு வருவதில் முன்பின், நெற்றிக்குறி, உணவிலும் உடையிலும் வேற்றுமை என எல்லாம் உடனே ஒழிய வேண்டும் என்றார். சென்னை வேப்பேரியில் அது வாசிக்கப்பட்டதும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது: எந்தக் கிறிஸ்தவர் சமைத்ததையும் உண்ணத் தயாராக இல்லாதவர் சாதியை விட்டவராக மாட்டார். லைப்சிக் லூத்தரன் மிஷனின் கார்ல் கிரௌல் இதை ஏற்கவில்லை. உணவை வைத்து மனச்சாட்சியைச் சோதிப்பது வற்புறுத்தல் என்றார். சாதியை விட மனமில்லாத பலர் லூத்தரன் சபைகளில் அடைக்கலம் தேடினார்கள்.

இரு தரப்பும் ஓரளவு தவறின என்றே சொல்ல வேண்டும். ஒரு தரப்பில் அன்பின் விருந்து தேர்வுத்தாளானது. மறு தரப்பில் பொறுமை என்ற பெயரில் பழைய இடைவெளி அப்படியே நீடித்தது.

கத்தோலிக்கத்தில் அந்த இடைவெளி கல்லாகவே நின்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்கு இரண்டு நீள் கூடங்கள். இரண்டும் பீடத்தில் கூடும். வெள்ளாளரும் நாடாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கால்சட்டையை விரித்து வைத்தது போன்ற அமைப்பு. நடுத்தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோது உயர்சாதியார் வழக்காடினார்கள். மைக்கேல் பிள்ளை வழக்கு என்று அறியப்படும் அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூல் இந்தச் சண்டையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

அதே 1910 ஜூனில், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டு மேடையில் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா நின்றார். மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். தமிழர்களுக்குச் சமபந்தி கற்பித்த துரைமார்களிடமே சமபந்தி கேட்ட பேச்சு அது. இரண்டாண்டில் அவர் தோர்ணக்கல் பேராயரானார். இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்களில் முதல்வர்.

1919 மே மாதம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தனித்தனியாக உட்கார வைத்த அதே தரங்கம்பாடியில் அசரியாவும் பிறருமாக 33 பேர் கூடினார்கள். மேலைநாட்டில் பிறந்த சபைப் பிரிவுகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டது அவர்களின் அறிக்கை. ஒரே கிண்ணத்துக்கு ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டும் காங்கிரிகேஷனல் சபையாரும் வந்து சேர இன்னும் 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

சபைப் பிரிவுகள் கரைந்த வேகத்தில் சாதி கரையவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. ஆலயத்தில் சம உரிமையும் சவ ஊர்வலப் பாதையும்தான் பிரச்சினை. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.