சிங்கைக் குதிரைப் பந்தயத் திடலின் வரலாறு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகே ஓடும் தெரு ஒன்றுக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். இன்று அங்கே உணவகங்கள் உண்டு, வழிபாட்டு இடங்கள் உண்டு, குதிரைகள் இல்லை. ஆயினும் தெருப்பெயர் காரணமின்றி அமைவதன்று. அப்பெயருக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

1842ஆம் ஆண்டில் வணிகர் வில்லியம் ஹென்றி ரீடும் பிற ஐரோப்பியரும் சேர்ந்து சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்னும் கழகத்தை நிறுவினர். சிராங்கூன் சாலையை அடுத்த நிலம் அவர்களுக்குப் பந்தயத் திடலாயிற்று. 1843 பிப்ரவரி 23ஆம் நாள் அங்கே முதற் பந்தயம் நிகழ்ந்தது. 150 வெள்ளிப் பரிசை வென்ற குதிரையின் பெயர் 'கர்னல்'. அதைச் செலுத்தி வென்றவர் ரீடே ஆவார். 1924இல் அக்கழகம் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் எனப் பெயர் மாறியது.

குதிரைக்குப் புல் வேண்டும், நீர் வேண்டும். அவ்விரண்டும் அவ்வட்டாரத்தில் இருந்தமையால், மாடு வளர்ப்போரும் பால் விற்போரும் அங்கே குடியேறினர். அவர்களுள் இந்தியர் பலர். பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டித் தீனியிட்டு, ஓட்டத்திற்குப் பழக்கிய குதிரைக்காரர்கள் இந்தியரும், ஜாவாக் கடலிலுள்ள பாவியான் தீவிலிருந்து வந்த போயான் மக்களும் ஆவர். வென்ற குதிரையின் பெயரை வரலாறு காத்து வைத்தது. அதைப் பேணிய கைகளின் பெயரைக் காத்து வைக்கவில்லை.

அத்திடல் குதிரைகளுக்கு மட்டும் பயன்பட்டதன்று. 1911 மார்ச் 16ஆம் நாள் பெல்ஜிய நாட்டவரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் அங்கிருந்தே விமானம் ஏறிப் பறந்து காட்டினார். சிங்கை மக்கள் கண்ட முதல் விமானம் அதுவே. 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானமும் அங்கேதான் இறங்கியது.

நகரம் வளர வளரத் திடல் போதாதாயிற்று. புக்கித் தீமாவில் அமைந்த புதிய பந்தயத் திடலை 1933 ஏப்ரல் 15ஆம் நாள் கவர்னர் சர் செசில் கிளமென்டி திறந்து வைத்தார். பழைய இடம் ஃபேரர் பார்க் என்னும் விளையாட்டுத் திடலாயிற்று.

அங்கேதான் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000க்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் அங்கே கூட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் பூஜிவாராவிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங், இந்திய விடுதலைக்காக ஒரு படை அமைப்பதை அறிவித்து அவர்களை அழைத்தார். சிலர் சேர்ந்தனர், சிலர் மறுத்துச் சிறைப்பட்டனர். குதிரைகளின் மேல் பணயம் வைக்கப்பட்ட மண்ணில், அன்று மனிதர் தம் உயிரையே பணயம் வைக்க நேர்ந்தது.

போருக்குப்பின் புக்கித் தீமாவில் பந்தயங்கள் மீண்டும் நடைபெற்றன. 1999இல் அங்கிருந்து திடல் கிராஞ்சிக்கு மாறியது. காலப்போக்கில் காண வருவோர் குறைந்தனர். வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் நிலம் தேவைப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் இறுதிப் பந்தயம் ஓடி முடிந்தது. 181 ஆண்டு வரலாறு அன்றோடு நிறைவெய்தியது.

திடல் மும்முறை இடம் கண்டது. மூன்றிலும் இன்று பந்தயம் இல்லை. எஞ்சி நிற்பது தெருப்பெயர். அப்பெயரை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், கர்னல் என்ற குதிரையைக் கூறுவதோடு நில்லாது, பெயர் தெரியாத குதிரைக்காரனையும், 1942இல் அம்மண்ணில் நின்ற வீரனையும் சேர்த்துக் கூறுவாராயின், வரலாறு முழுமை பெறும்.